துலுக்கானத்தின் மீசை

முத்தம்மாள் பூக்கூடையைத் தலையிலிருந்து இறக்காமல் பேசினால் அது சாதாரணச் சேதி. இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினால் யார் வீட்டிலோ சண்டை. கூடையைத் தரையில் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாளோ, மாங்காட்டில் அன்றைக்கு நாலு வீட்டு அடுப்பு நேரத்துக்கு எரியாது.

லண்டன் ராஜாவுக்கு வெள்ளி விழா என்று பூந்தமல்லிக் கடைத்தெருவில் தோரணம் கட்டியிருந்த சித்திரை மாதம் அது. மல்லி கொட்டுகிற பருவம். பூ விற்றுவிட்டுத் திரும்பிய முத்தம்மாள் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக நாகம்மாள் வாசலுக்கு வந்து கூடையைக் கவிழ்த்தாள்.

"நாகு, மனச கெட்டியா புடிச்சிக்க."

வறட்டி தட்டிக்கொண்டிருந்த நாகம்மாள் கையை வழித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னாக்கா, பூ போவலியா?"

"பூ போச்சி. அத்த வுடு. நசரத்பேட்டையாண்ட போய்கினு இருந்தேன். உன் மச்சினன வுட்டுக்கீறீங்களே, அந்த வேதக்கார அம்மா ஊடு, அது மதிலு மேல லேசா எட்டிப் பாத்தேன்."

"அந்த மதிலு ஆள் ஒசரத்துக்கு மேல கீதே."

"ரெண்டு கல்ல போட்டு ஏறினேன். கேட்டியா கேள்வி. உன் மச்சினன் துலுக்கானம் கீறான் பாரு, மொட்ட."

நாகம்மாள் வறட்டியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள்.

"மொட்டன்னா மொட்ட மட்டும் இல்ல. மீசயும் இல்ல. ரெண்டையும் சேத்து வழிச்சி உட்டுக்கீறாங்க. மரத்தாண்ட ஒத்தையா குந்திகினு மண்ணக் கீறிகினு கீறான். நான் 'தே, துலுக்கானம்'னு கூப்டேன். ஏறிட்டுப் பாத்தவன் திரும்பிக்கினான். என் கூடையில எப்பவும் கைய வுடற புள்ள."

சேதி தெருக்கோடி போய்ச் சேர்வதற்குள் அதற்கு மூன்று காரணங்கள் முளைத்துவிட்டன. கிறிஸ்துவ வேதத்தில் சேர்த்துவிட்டார்கள், அதுதான் முடியை எடுத்தார்கள் என்றார் ஒருவர். பைத்தியத்துக்கு வைத்தியம் என்று தலையை வழித்து எலுமிச்சம்பழம் தேய்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். முடியை மூட்டை கட்டிச் சீமைக்குக் கப்பலேற்றுகிறார்கள் என்று மூன்றாமவர் சொன்னபோது, சீமையில் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

துலுக்கானம், நாகம்மாளின் புருஷன் கன்னியப்பனுக்குக் கூடப்பிறந்த தம்பி. முப்பதைத் தாண்டின உடம்பு. மனசு மட்டும் ஏழெட்டு வயதில் நல்ல நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டது. வாயில் நாலைந்து வார்த்தைகள்தான். அதில் 'அண்ணி' ஒன்று. நாகம்மாள் இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்றைக்கு அவள் தலைப் பூவைப் பிய்த்து மாட்டுக்குப் போட்டவன் அவன். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு பிசைந்து வைத்தது அவள்தான். தண்ணீர் சுமப்பான், மாட்டைக் குளிப்பாட்டுவான், கொள்ளை மீசையை முறுக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் தெரியாதவர்கள் மணியக்காரர் என்றே நினைப்பார்கள்.

எல்லாம் கெட்டது பெட்ரோல் பஸ் வந்த பிறகு. பெங்களூர் ரோட்டில் அது புழுதி கிளப்பிக்கொண்டு போவதை ஒரு நாள் பார்த்தான், அதோடு சரி. காதில் அதன் ஆரன் சத்தம் விழுந்தால் வாயில் சோறு இருந்தாலும் எழுந்து ஓடுவான். குமணஞ்சாவடி வரைக்கும் ஓடி, அதன் பின்னாலேயே இன்னும் ஓடுவான். கன்னியப்பனுக்குக் கால் நன்றாக இருந்தவரை துரத்திப் பிடித்து வந்தார். கிணற்று ஏற்றத்தின் மேலிருந்து அவர் விழுந்து, கட்டுப் போட்ட கால் கோணலாகக் கூடின பிறகு அதுவும் போயிற்று. ஒரு நாள் துலுக்கானம் ஓடுகிற பஸ்ஸுக்கு எதிரே நின்று கையை விரித்தான். டிரைவர் நிறுத்தியது அவன் செய்த புண்ணியம்.

அன்றைக்கு நாகம்மாள் கன்றுக்குட்டிக் கயிற்றை எடுத்து அவனுடைய கணுக்காலில் ஒரு முனையும் கொல்லைப் புங்கமரத்தில் மறுமுனையுமாகக் கட்டினாள். பூப் பறித்து முடிக்கிற வரைக்கும்தான் என்று நினைத்துக் கட்டினாள். அப்புறம் சமையல் முடிகிற வரைக்கும் என்றாயிற்று. அப்புறம் அவிழ்க்கவே ஒரு காரணம் தேவைப்பட்டது. ஊரில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு மொட்டைத் தலைக்காக மூக்கைச் சிந்துகிற முத்தம்மாளும் அதில் சேர்த்தி.

யாரோ சொல்லித்தான் நசரத்பேட்டையில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்று இருப்பது தெரிந்தது. தை மாதம் கொண்டு போய் விட்டார்கள். "கொஞ்ச நாளைக்கு வராதீங்க. அவன் இங்க பழகட்டும்" என்று அங்கேயிருந்த அம்மா சொல்லியிருந்தாள். சரியென்று தலையாட்டிவிட்டு வந்த நாகம்மாளுக்கு அன்றிலிருந்து ஒரே கேள்விதான். இங்கே கயிறு, அங்கே எதனால் கட்டியிருப்பார்கள்? சங்கிலியோ?

ராத்திரிச் சோற்றின்போது கன்னியப்பனிடம் சொன்னாள்.

"இட்டாந்துடலாம்யா."

"இட்டாந்து?"

"ஊட்லயே வச்சிக்கலாம்."

"ஊட்ல எங்க?"

நாகம்மாள் புங்கமரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழம்புச் சட்டியை மூடினாள். கன்னியப்பனும் புங்கமரத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

மறுநாள் விடிகாலையில் அவர்கள் தோட்டத்தில் பூப் பறிக்கவில்லை. மொக்காகப் போக வேண்டிய மல்லி செடியிலேயே விரிந்துவிட, வாசனை பொறுக்காமல் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து "யாருக்கு இன்னா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நாகம்மாள் கேழ்வரகுக் களி கிண்டி, கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்து அடுக்கில் கட்டினாள். வேதக்காரர் வீட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று ஒரு செம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டாள். கன்னியப்பன் மாட்டைப் பூட்டுகிற சமயம் பார்த்து, கன்றுக்குட்டிக் கயிற்றை வண்டி வைக்கோலுக்கு அடியில் செருகினாள். வருகிற வழியெல்லாம் பஸ் ரோடு. வண்டியிலிருந்து அவன் குதித்து ஓடினால் என்ன செய்வது?

"நானும் வரேன்" என்று முத்தம்மாள் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா?"

"மொத மொத பாத்தவ நானு. சாட்சிக்கு ஒரு ஆள் வாணாமா?"

பூந்தமல்லி தாண்டும் வரை முத்தம்மாள் வாய் ஓயவில்லை. அங்கே சோறு என்று வடிகஞ்சியை ஊற்றுவார்கள் என்றாள். பாய் கிடையாது, சாக்குத்தான் என்றாள். வழியில் நுங்கு வாங்கித் தின்றபோது மட்டும் அந்த இல்லத்துக்குச் சற்று ஓய்வு கிடைத்தது.

இல்லத்தின் கேட் திறந்தே கிடந்தது. பூட்டும் இல்லை, காவலும் இல்லை. உள்ளே ஓட்டு வீடு ஒன்று, கிணறு, கீரைப் பாத்தி. கொடியில் துவைத்த பாய்கள் வரிசையாகக் காய்ந்தன. முத்தம்மாள் இறங்கின வேகத்தில் ஒரு பாயைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். சவுக்கார வாசனைதான் வந்தது. முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

கிணற்றடியில் நாலைந்து ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மொட்டை. எல்லோர் மூக்கடியும் பளபளவென்று இருந்தது.

"ஊரே மொட்டையா கீதுடி" என்றாள் முத்தம்மாள். "சீமைக்கு ரெண்டு மூட்ட போயிருக்கும்."

அடுக்களையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா வந்தாள். தை மாதம் பேசின, இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற ஞானசௌந்தரி அவள்தான். நாகம்மாளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது.

"நீங்க துலுக்கானத்தோட அண்ணிதானே? நல்லவேளை வந்தீங்க. இங்க வேலை பார்க்கிற அருள்தாஸை இன்னிக்கு உங்க ஊருக்கு அனுப்பலாம்னு இருந்தேன்."

"எதுக்கு மொட்ட அடிச்சீங்க?" என்றாள் நாகம்மாள் எடுத்த எடுப்பில்.

"பேன். ஒருத்தருக்கு வந்து எல்லோருக்கும் ஒட்டிக்கிச்சு. நாவிதரை வரச்சொல்லி எல்லோருக்குமே எடுத்துட்டோம். மத்தவங்க ஒருத்தர் தலையை ஒருத்தர் தடவிப் பார்த்துச் சிரிச்சாங்க. இவன் மட்டும் கண்ணாடியப் பார்த்தான்; உட்கார்ந்து அழ ஆரம்பிச்சவன்தான். அன்னிலேருந்து சரியா சாப்பிடறதில்லை. கட்டில்ல படுக்க மாட்டேங்கிறான், வெறும் தரைதான். வயித்துல பூச்சியோன்னு விளக்கெண்ணெய் கொடுத்தோம். டாக்டரைக் கூட்டி வந்தோம். உடம்புக்கு ஒண்ணுமில்லைங்கிறார். ராத்திரியெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து கேட்டும் பார்த்தேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான்."

"மீசய ஏன் எடுத்தீங்க? பேனு மீசயிலயா பொழைக்குது?"

"சுத்தமா எடுத்துடுங்கன்னு சொன்னேன். அவர் எல்லாத்தையும் எடுத்துட்டார்." ஞானசௌந்தரி வேப்பமரத்தடியைக் காட்டினாள். "இன்னிக்குக் காலையிலேருந்து அங்கே என்னவோ செய்யறான். சம்பத்தும் மத்தவங்களும் அவன் கூடவே உட்கார்ந்திருக்காங்க. கலைக்க வேணாம்னு விட்டுட்டேன்."

வேப்பமரத்தடியில் ஈர வேட்டியோடு துலுக்கானம் குந்தியிருந்தான். எதிரே மண்ணைக் கூட்டி அதில் ஒரு செங்கல்லை நட்டிருந்தான். கல்லின் மேல் நாலு செம்பருத்திப் பூ. அதன் முன்னால் இலையில் கொஞ்சம் சோறு; அவனுக்குக் காலையில் கொடுத்த சோறுதான். சுற்றிலும் இல்லத்து ஆட்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பத் என்கிற நரைத்த ஆள் துலுக்கானத்தின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். துலுக்கானம் மரத்தை அண்ணாந்து பார்த்து "கா... கா..." என்று கூப்பிட, மற்றவர்களும் சேர்ந்து "கா... கா..." என்றார்கள். அத்தனை பேர் ஒன்றாகக் கூப்பிட்டால் எந்தக் காக்கை இறங்கும்?

நாகம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தில் வேண்டுதலுக்கு மொட்டை போடுகிறவன் மீசையை விட்டுவிடுவான். மீசையும் சேர்த்துப் போனால் ஒரே காரணம்தான், வீட்டில் சாவு. துலுக்கானத்துக்கு மீசை எடுத்தது இதற்கு முன் இரண்டே தடவை. அப்பன் செத்தபோது ஒன்று, ஆத்தாள் செத்தபோது ஒன்று. இரண்டு தடவையும் கருமாதியில் கல் நட்டதையும் காக்கைக்குச் சோறு வைத்ததையும் கூடவே நின்று பார்த்திருக்கிறான். இப்போது மூன்றாவது தடவையாக மீசை போயிருக்கிறது. அவனுக்கு ரத்த உறவென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்.

"அய்யோ, இவன் அவங்க அண்ணனுக்குக் காரியம் பண்ணிகினு கீறாம்மா" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு செத்துட்டாருன்னு நெனச்சிகினு கீறான்."

ஞானசௌந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு இது தோணவே இல்லையே."

"மீசய எடுத்தா எங்கூர்ல கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றாள் ஞானசௌந்தரி. சண்டைக்கென்று வரிந்து கட்டியிருந்த முந்தானையை நாகம்மாள் தளர்த்திக்கொண்டாள்.

அதற்குள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கோணல் காலைக் கம்பில் தாங்கித் தாங்கி கன்னியப்பன் கேட்டுக்குள் நுழைந்தார். "இன்னாமே, புள்ள எங்க?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

துலுக்கானம் திரும்பினான்.

முதலில் கல்லைப் பார்த்தான். அப்புறம் அண்ணனைப் பார்த்தான். மறுபடி கல்லைப் பார்த்தான். மெல்ல எழுந்து வந்து, கன்னியப்பனின் குடுமியைப் பிடித்து இழுத்தான். இருந்தது. மீசையை இழுத்தான். அதுவும் இருந்தது. குனிந்து கோணல் காலைத் தொட்டு, அதே கோணல்தானா என்று தடவிப் பார்த்தான். நிமிர்ந்தவன் அண்ணன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"அடிங்க, எதுக்குடா அடிக்கற?" என்றார் கன்னியப்பன்.

"அடிக்காம? உனுக்குக் காரியம் முடிச்சிட்டான். அப்பால சாவகாசமா நடந்து வந்தா கோவம் வராதா?" என்றாள் முத்தம்மாள்.

துலுக்கானம் அண்ணனைக் கட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். வயிறு குலுங்க, மூச்சு வாங்க, கண்ணிலும் மூக்கிலும் ஒழுக ஒழுகச் சிரித்தான். என்ன ஏதென்று தெரியாமலே சம்பத்தும் சிரித்தான். துண்டுகளெல்லாம் தலையை விட்டு ஆகாயத்துக்குப் போயின. ஞானசௌந்தரி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் பெயரில் நட்ட கல்லைக் கன்னியப்பன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்ல கல்லாதான் பாத்து நட்டுக்கீறான்" என்றார்.

"உயிரோட கீறவனுக்குக் கல்லு நட்டா ஆகாதுடி" என்று முத்தம்மாள் பதறினாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். "இல்ல இல்ல, செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டி. நூறு வருசம் கீது உனுக்கு."

துலுக்கானம் அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காற்றில் ஒரு வட்டம் போட்டு நடுவில் விரலால் குத்திக் காட்டினான்.

"இன்னா கேக்கறான்?" என்றாள் ஞானசௌந்தரி.

"வட" என்றாள் நாகம்மாள். "கருமாதின்னா வட போடணும். ரெண்டு தரமும் போட்டோம். வட இல்லாம முடிஞ்சதா ஒத்துக்க மாட்டான்."

ஞானசௌந்தரி நேராக உள்ளே போய் உளுந்தை ஊறப் போட்டாள்.

உளுந்து ஊறுகிற நேரத்தில் நாகம்மாள் மச்சினனைச் சோதனை போட்டாள். நகத்தைப் பார்த்தாள், வெட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் விரலை விட்டாள், அழுக்கில்லை. துக்கம் கொண்டாடியதில் கன்னம் கொஞ்சம் வற்றியிருந்ததே தவிர, வயிறு அவள் கொண்டு வந்து விட்டபோது இருந்ததைவிட ஒரு சுற்று கூடத்தான். கடைசியாகத் தரையில் உட்கார்ந்து வேட்டியை விலக்கி அவன் வலது கணுக்காலைப் பார்த்தாள்.

கயிறு அறுத்த இடத்தில் புதுத் தோல் வந்திருந்தது. சுற்றிலும் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். சங்கிலித் தழும்பு எதுவும் இல்லை. வேறு எந்தத் தழும்பும் இல்லை.

"வந்த அன்னிக்குப் புண்ணா இருந்துச்சு. வேப்பெண்ணெய் போட்டு ஆத்தினோம்" என்றாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஞானசௌந்தரி. யார் கட்டியது என்று கேட்கவில்லை.

"ஏம்மா எங்கள ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க திரும்பி வரமாட்டீங்கன்னு தோணிச்சு."

நாகம்மாள் அந்த வெளுத்த தோலைக் கட்டை விரலால் தடவினாள். துலுக்கானத்துக்குக் கூச்சம் தாங்கவில்லை; நெளிந்தான்.

"இனிமே நான் அவன்கிட்ட எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள் ஞானசௌந்தரி. கீரையை முறத்தில் கொட்டி ஆய ஆரம்பித்தாள். நாகம்மாளும் தன்னை அறியாமல் ஒரு பிடி எடுத்து ஆய்ந்துகொண்டே சொன்னாள். குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றினால் தொடமாட்டான், ஓரமாக ஊற்ற வேண்டும். இடி இடித்தால் மாட்டுக்குப் பக்கத்தில் போய் ஒண்டுவான். இங்கே மாடில்லை, யாராவது பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வருவதற்கு முதல் நாள் பேசாமல் தன் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டிருப்பான். கேட்பதற்கு ஆள் கிடைத்தால் இவ்வளவு இருக்கிறதா சொல்ல என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதற்கிடையில் முத்தம்மாள் அடுக்களையில் மூடியிருந்த பாத்திரத்தையெல்லாம் திறந்து பார்த்தாகிவிட்டது. அரிசிப் பானைக்குள் முழங்கை வரைக்கும் விட்டு, அடி அரிசியும் மேல் அரிசியும் ஒன்றுதானா என்று அள்ளிப் பார்த்தாள். ஒன்றுதான். வண்டு தேடினாள், வண்டும் ஒத்துழைக்கவில்லை. வெறுத்துப் போய் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். அவள் முகம் மலர்ந்தது.

"உப்பு கம்மி" என்று அடுக்களை வாசலில் வந்து நின்று அறிவித்தாள்.

வடை மாவு ஆட்டியது அவளும் நாகம்மாளும்தான். தட்டிப் போட்டது ஞானசௌந்தரி. கொண்டு வந்த செம்புத் தண்ணீர் எப்போது தீர்ந்தது, இல்லத்துக் குடத்தில் எப்போது மொண்டு குடித்தாள் என்பது நாகம்மாளுக்கே நினைவில்லை. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கருமாதிக்குரியவர் என்பதால் முதல் இலை கன்னியப்பனுக்குப் போட்டார்கள். களியும் கருவாட்டுக் குழம்பும் ஆளுக்கு ஒரு கவளமாகப் பங்கு போயிற்று. துலுக்கானம் இத்தனை நாள் விட்டதையும் சேர்த்துத் தின்றான். கன்னியப்பன் வடையை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்.

"செத்தாலும் வாய் மட்டும் சாவாது இவருக்கு" என்றாள் நாகம்மாள்.

வெயில் சாய்ந்தது. "கெளம்பலாமா?" என்றார் கன்னியப்பன். "புள்ளயோட துணிய எடுத்துக்க."

நாகம்மாள் துணி இருந்த பக்கம் போகவில்லை. வண்டியருகே போய் வைக்கோலைத் தட்டிச் சரி செய்கிற மாதிரி நின்றாள். கை வைக்கோலுக்கு அடியில் போய்க் கயிற்றைத் தொட்டது.

அப்போதுதான் தூரத்தில் ஆரன் கேட்டது.

கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த துலுக்கானத்தின் காது நிமிர்ந்தது. தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு ஓடினான். திறந்த கேட்டைத் தாண்டி, அவளைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து ஓடினான்.

"புடிங்க, புடிங்க அவன" என்று நாகம்மாள் கயிற்றோடு பின்னால் ஓடினாள். பழக்கப்பட்ட கை, ஓடும்போதே சுருக்குப் போட்டுவிட்டது.

ரோட்டோரத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் இருந்தது. துலுக்கானம் அதன் மேல் ஏறி நின்றான். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. துண்டை உயர்த்தி ஒரு சுழற்றுச் சுழற்றினான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த பஸ் முக்கி முனகி அவனெதிரே வந்து நின்றது.

"இன்னா தலைவரே, நாலஞ்சு நாளா ஆளயே காணோம்?" என்றார் டிரைவர் திருவேங்கடம். "ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மீசய எங்க அடகு வச்சே?"

துலுக்கானம் திரும்பி, கன்னியப்பனைக் கை நீட்டிக் காட்டினான். நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

"அண்ணாத்தயா? சொல்லவே இல்லியே. வணக்கம் அண்ணாத்தே."

இல்லத்தின் ஆண்களைப் பார்த்துக்கொள்கிற அருள்தாஸ் நாகம்மாள் பக்கத்தில் வந்து நின்றான். "வந்த புதுசுல ரெண்டு வாட்டி ரோட்டுக்கு ஓடினான்க்கா. பூட்டு போடலாம்னாங்க சில பேரு. அம்மாதான், அவன் பஸ்ஸத் தேடிகினு போறதுக்கு பதிலு பஸ்ஸ இங்க நிக்கச் சொல்லேன்னாங்க. நான் போயி டிரைவருங்கள கேட்டேன். இறங்கறதுக்கும் ஏறறதுக்கும் எப்படியும் இங்க நாலு பேரு கீறாங்க. இப்ப அவன் ரைட்டு குடுக்காம எந்த பஸ்ஸும் இந்த எடத்த வுட்டு நவுராது."

திருவேங்கடத்தின் கண் நாகம்மாள் கையிலிருந்த சுருக்கில் விழுந்தது. "இன்னாம்மா, நாங்க நிக்காம பூடுவோம்னு பஸ்ஸ கட்டிப் போட வந்தியா?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாகம்மாளுக்குப் பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது. ஞானசௌந்தரி பார்த்தாள். அருள்தாஸ் பார்த்தான். கன்னியப்பன் கயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முத்தம்மாள் முன்னால் வந்தாள். நாகம்மாள் கையிலிருந்து கயிற்றை வெடுக்கென்று பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கன்னுக்குட்டிக்குக் கவுறு வாங்கினு வந்தது நானு. அத்தப் போயி இவகிட்ட குடுத்தேன் பாரு" என்றாள். "நீ வண்டிய பாத்து ஓட்டு நைனா."

துலுக்கானம் துண்டை ஒரு தரம் உதறினான். "ரைட்" என்றான். பஸ் கிளம்பியது. அது கண்ணுக்கு மறைகிற வரை கல்லின் மேலேயே நின்றுவிட்டு, இறங்கி, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

துணிமூட்டை கட்டப்படவில்லை. அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவும் இல்லை. கன்னியப்பன் மாட்டைப் பூட்டினார். நாகம்மாள் ஞானசௌந்தரியின் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அமாவாசைக்கு அமாவாசை வருவேன். சொல்லாம கொள்ளாம நடுவுலயும் வருவேன்."

"எப்ப வேணும்னாலும் வாங்க. கேட் திறந்துதான் இருக்கும்."

"இவன் மீச மேல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. பேன் வந்தாலும் சரி, பேய் வந்தாலும் சரி."

"வைக்க மாட்டோம்."

அவர்கள் வண்டி ஏறியதும் துலுக்கானம் ஓடிப் போய் மறுபடி கல்லின் மேல் ஏறினான். கன்னியப்பன் மாட்டை ஓட்டப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். மாடுகளும் நின்றன. துலுக்கானம் வண்டியை முன்னும் பின்னும் பார்த்தான். முத்தம்மாளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிச் சைகை காட்டினான். அவள் தள்ளி உட்கார்ந்தாள். அண்ணியைப் பார்த்தான். வாய் நிறையச் சிரித்தான்.

"அண்ணி, ரைட்."

வண்டி நகர்ந்தது. குமணஞ்சாவடி திரும்புகிற வரை நாகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அழுகையா சிரிப்பா என்று முத்தம்மாள் குனிந்து குனிந்து பார்த்தும் பிடிபடவில்லை.

"ஊர்ல கேப்பாங்களே, இன்னா சொல்றது?" என்றாள் முத்தம்மாள்.

"கன்னியப்பன் கருமாதிக்குப் போயிட்டு வரோம்னு சொல்லு" என்றார் கன்னியப்பன்.

மறுநாள் காலை முத்தம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். தெருவே கூடியது. செங்கல்லைச் சொன்னாள், காக்கையைச் சொன்னாள், தோளில் விழுந்த அடியைத் தன் தோளிலேயே அடித்துக் காட்டினாள், வடைக்குத் தானே மாவு ஆட்டியதைச் சொன்னாள். பஸ் டிரைவர் தன்னைப் பார்த்து வணக்கம் வைத்ததாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். குறை என்று பார்த்தால் அந்த வீட்டில் உப்பு கம்மி என்று முடித்தாள்.

நாகம்மாள் அங்கே கயிற்றோடு ஓடினதைப் பற்றி மட்டும் அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. முத்தம்மாளுக்குத் தெரிந்து, மாங்காட்டுக்குத் தெரியாமல் போன சேதி அது ஒன்றுதான். தன் வீட்டுக் கன்றுக்குட்டி அந்தக் கயிற்றோடு நிற்பதைப் பார்த்து யாராவது கேட்டால், பூந்தமல்லியில் வாங்கியது என்பாள்.